ஒழுகாது

ஒழுகாது என்று சொல்லித்தான் விற்றார்
குக்ஸ்ஹாஃபன் ஃப்ராவ் ஹின்றிக்ஸ்.
நானூறு யூரோ. எழுபத்தாறாம் ஆண்டு வண்டி.
திரைச்சீலையில் செம்மஞ்சள் பூக்கள்,
அலுமாரிக்குள் யாரோ மறந்துபோன
ஒற்றை முட்டைக் கிண்ணம்.

பிரேமர்ஹாஃபன் மீன்துறைமுகத்தில்
டெட்லெஃபின் கொட்டகையில் பாதி இடம் எங்களுக்கு.
மற்றப் பாதியில் அவனுடைய ஓடாத படகு.
முதல் நாள் படுக்கைக்குக் கீழே, மூலையில்,
திருப்புளியை வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன்.
ஊறின பாணுக்குள் விரல்போலப்
பிடிவரை இறங்கிற்று.

தவமலர் குனிந்து பார்த்தாள்.
"ஒழுகாது எண்டவ" என்றேன்.
"உண்மையைத்தான் சொல்லியிருக்கிறா.
உள்ள வந்த தண்ணி
ஒரு சொட்டும் வெளியில போகேல்லை."

சுவரை உரித்தோம்.
அலுமினியத் தகடு மினுங்கிக்கொண்டு நிற்க
உள்ளே மரச்சட்டம்
தேயிலைச் சக்கையாய்க் கையோடு வந்தது.
ஐம்பது வருடமாய் இதைத் தாங்கியது மரமில்லை,
சுவரில் ஒட்டின காகிதம் என்றான் டெட்லெஃப்,
தன் படகைத் திரும்பிப் பாராமல்.

பின்னேரம் மீன் பொதி செய்யும் வேலை, காலையில் தச்சன்.
நான் தச்சனில்லை.
முதல் சட்டம் நாலு மில்லிமீற்றர் கட்டை.
இரண்டாவது நெட்டை.
மூன்றாவதை, பழையதன் எலும்பை மேலே கிடத்திக்
கோடு கீறி வெட்டினேன்.
கறுப்புப் பசைநாடா நகத்துக்குள் ஏறி
பெப்ரவரி முழுக்கச் சோறும் அதே மணம்.
கழற்றிய திருகாணிகள் ஐஸ்கிறீம் வாளியில்.
எல்லாம் பூட்டி முடிய
பதினொன்று மிச்சம்.
எதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

குளியலறைத் தராசைக் கொண்டுவந்து
கொளுவிக்குக் கீழே வைத்தோம்.
மூக்குப் பாரம் ஐம்பதைத் தாண்டக் கூடாது.
எழுபத்திரண்டு.
அரிசி மூட்டையைப் பின்னுக்குத் தள்ளினோம். ஐம்பத்தெட்டு.
மூட்டைக்குப் பின்னால் கிரைண்டர். நாற்பத்தொன்பது.
"மனுசருக்கும் இப்பிடிக் குறைக்க ஏலுமெண்டால்" என்று
அவள் ஏறிப் பார்த்தாள்.
பார்த்ததைச் சொல்லவில்லை.

பரிசோதகர் ப்ரோக்மன் கைத்தடையை இழுத்தார்,
விளக்குகளை எண்ணினார்,
புதுச் சுவரில் விரல் மடக்கித் தட்டி
வத்தகப்பழம் வாங்குகிறவர்போலக் காதைச் சாய்த்தார்.
எனக்கு மூச்சு நின்றது.
இலக்கத் தகட்டில் வட்ட ஒட்டியை ஒட்டிவிட்டு
"அடுத்தது" என்றார்.

நெடுஞ்சாலையில் இருபத்தைந்து கிலோமீற்றர்தான்.
லொறி தாண்டும்போது முதலில் இழுக்கும், பிறகு தள்ளும்.
பக்கக் காற்றில் வால் ஆடத் தொடங்கியபோது
கால் தானாகப் பிரேக்கைத் தேடிற்று.
மிதிக்காதே, விடு, ஆடி அடங்கட்டும்:
படித்தது தலையில் இருந்தது.
அது காலுக்குப் போய்ச் சேர மூன்று விநாடி.
தவமலர் பிடித்திருந்தது
கதவை அல்ல, என் முழங்காலை.

டோரும் அணைக்கருகில் எங்கள் இடம்.
பின்னுக்கு எடுக்க வேண்டும்.
வலம் போக இடம் திருப்பு, இடம் போக வலம்.
கண்ணாடியில் அவளுடைய கை
இரண்டையும் ஒன்றாய்ச் சொன்னது.
நாலாம் தரம் பேனாக்கத்திபோல மடிந்து நின்றோம்.
பார்க்காததுபோல் பார்த்திருந்தவர்கள்
எழும்பி வந்தார்கள், ஒருவர்
பாதி மழித்த முகத்தோடு.
கொளுவியைக் கழற்றிக் கையால் தள்ளினோம்.
ஐந்து நிமிடம்.
பெயர்கூடக் கேட்க விடாமல் போய்விட்டார்கள்.

இரவு, கடற்பக்கமிருந்து சரிவாய் மழை.
இருவரும் மல்லாந்து கிடந்தோம், பேசாமல்,
சொட்டுக்குக் காது கொடுத்து.
இருட்டில் என் கை மூலை மூலையாய்த் தடவிற்று.
"காய்ஞ்சு கிடக்கோ?"
"கிடக்கு."
கொஞ்ச நேரத்தில் அவளுடைய கையும் தடவிற்று.

மூன்று மணிக்கு, டொக்.
பிறகு, டொக்.
டோர்ச்சோடு எழும்பினேன். கூரை, ஜன்னல்,
நாலு மூலை, என் மூன்றாம் சட்டம்,
எல்லாம் எலும்பாய்க் காய்ந்திருந்தது.

நான் பூட்டின தண்ணீர்க் குழாய்.

தவமலர் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை
அதற்குக் கீழே வைத்தாள்.
"பதினொண்டில ஒண்டு" என்று சொல்லிப்
போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.